ஏழு தடவை செத்தவள் எழுதுவது

மகனுக்கு,

இந்தத் தாளை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும் உனக்கு. உன் நோட்டின் கடைசியில் எழுதாமல் கிடந்த தாள்கள்தான். சீமையில் சண்டை வந்ததிலிருந்து உசிலம்பட்டிச் சந்தையில் காகிதம் என்று கேட்டால் கடைக்காரன் ஏற இறங்கப் பார்க்கிறான். வேறு வழியில்லாமல் கிழித்தேன் என்று சொல்லலாம், ஆனால் அது முழு உண்மை இல்லை. இதில்தான் எழுத வேண்டும் என்று ஒரு வைராக்கியமும் இருந்தது. நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நீ நலம் என்று எழுதியிருந்ததை நானும் நம்பவில்லை. அதனால் அந்தச் சம்பிரதாயத்தை இந்த ஒரு தடவை விட்டுவிடுவோம்.

உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. இனிமேல் கதை எழுதப் போவதில்லை என்கிறாய். உன்னோடு தங்கியிருக்கிற சுந்தரம் உட்கார்ந்தால் எழுந்திருப்பதற்குள் ஒரு கதை முடிந்துவிடுகிறது, மாதம் தவறாமல் அச்சில் வருகிறது, நீ மட்டும் ஒரு வருஷமாக ஒரே கதையில் கிடக்கிறாய். ஒரே அறையில் அவன் பேனா ஓடும் சத்தம் கேட்டாலே உனக்குச் சோறு இறங்குவதில்லை, மில் ஆபீசில் ஒரே காகிதத்தை மூன்று தடவை நகல் எடுத்துவிட்டு மேனேஜரிடம் ஏச்சு வாங்குகிறாய். எல்லாம் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வருஷக் கதை எதைப் பற்றியது என்பதை மட்டும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் இல்லை. அதை நான் படித்துவிட்டேன்.

மாசிப் பச்சைக்கு நீ வந்திருந்தாய். எப்போதும் சாமி கும்பிட்ட மறுநாளே கால் தரிக்காமல் ஓடுகிறவன், இந்தத் தடவை நாலு நாள் என் கூடவே இருந்தாய். நான் வரகு புடைத்தால் பக்கத்தில் உட்கார்ந்தாய், அடுப்பு ஊதினால் எதிரில் உட்கார்ந்தாய். "ஆத்தா, இருமுறப்ப எங்க வலிக்குது? நெஞ்சுக்குள்ளயா, விலாவுலயா?" என்று கேட்டாய். இருபத்து நாலு வருஷத்தில் நீ என்னைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அதற்கு முன்னால் கேட்டதெல்லாம் சோறு எங்கே, சட்டை எங்கே. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் விலாவில் பிடிக்கும், அப்புறம் முதுகுக்குப் போகும், இருமி ஓய்ந்த பிறகு காதுக்குள் இரைச்சல் கேட்கும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். நீ போன பிறகு ஒரு வாரம், "எம் மகன் எனக்கு எங்க வலிக்குதுன்னு கேட்டான்" என்று தண்ணீர் எடுக்கப் போன இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம்தான் தானியக் குலுக்கைமேல் நீ மறந்து வைத்துவிட்டுப் போன நோட்டு கையில் கிடைத்தது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்றாலும், உன் கதை இரண்டு அச்சில் வந்தபோது எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தவள் நான். ஆசையாகத்தான் திறந்தேன். முதல் பக்கத்தில் ஒரு தாய் செத்துக்கொண்டிருந்தாள். விலாவில் பிடித்து முதுகுக்குப் போகிற இருமல். தண்டட்டியைக் கழற்றின காது தலையணையில் துவண்டு கிடக்கிறது. காதுக்குள் இரைகிற இரைச்சலைக்கூட நீ விடவில்லை. பக்கம் முழுக்கக் கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த பக்கத்தில் மறுபடி ஆரம்பித்திருந்தாய். அதிலும் செத்தேன். எண்ணிப் பார்த்தேன், அந்த நாலு ராத்திரிக்குள் ஏழு தடவை. ஒரு தடவை மழையில், ஒரு தடவை அறுப்பு நாளில், ஒரு தடவை நீ மதுரையிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருக்கும்போது. ஏழும் உனக்குப் பிடிக்கவில்லை. செத்தும் பிள்ளையைத் திருப்திப்படுத்த முடியாத தாயாகிவிட்டேன். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாய்: "சுந்தரத்தின் கதையில் தகப்பன் சாவு. இது அதைவிட அழுத்தமாக இருக்க வேண்டும். இன்னும் போதவில்லை."

உன் அய்யா களத்திலிருந்து வந்து, "என்ன படிக்கிறவ?" என்று கேட்டார். "ஒம் மகன் கத எழுதிருக்கான்" என்றேன். "யாரப் பத்தி?" என்றார். "யாரோ ஒரு கிழவிய பத்தி" என்றேன். அவருக்கு எழுத்துத் தெரியாதது அன்றைக்கு நல்லதாகப் போயிற்று.

என் கோபத்தை மறைக்கமாட்டேன். அன்றைக்கு அந்த நோட்டை அடுப்பில் வைத்திருப்பேன். அடுப்பின் முன்னால் உட்கார்ந்தும்விட்டேன். வைக்க முடியவில்லை. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என்னைச் சுட்டது உன் கையெழுத்தில் வந்திருந்தது, அவ்வளவுதான். நீ செய்ததை உனக்கு முன்னால் நான் செய்திருக்கிறேன். என் அய்யாவுக்கு, உன் சீயானுக்குச் செய்தேன். இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, உன் அய்யாவுக்கும் சொன்னதில்லை. உன்னைத் திருத்துவதற்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. சொல்லாமல் செத்தால், நீ எட்டாவது தடவை எழுதும்போது அதில் நான் ரொம்ப நல்லவளாகப் போய்விடுவேன். அதுதான் எனக்குப் பயம்.

உன் வீராயி அத்தையை, அதாவது என் அண்ணன் பெண்டாட்டியை, உனக்குத் தெரியும். இப்போது பல்லுப் போய், கம்பு ஊன்றி நடக்கிறாள். அந்தக் காலத்தில் அவள் ஒப்பாரி சொல்லுகிறாள் என்றால் எழவு வீட்டில் தப்புக்கொட்டுகிறவர்கள்கூட நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பக்கத்து ஊரில் ஒரு சாவு என்றால் பாடைத் தேர் கட்ட மூங்கிலுக்கு ஆள் அனுப்பும்போதே வீராயியைக் கூட்டிவரவும் ஆள் அனுப்புவார்கள். நானும் பாடுவேன். சின்ன வயதிலிருந்தே எனக்குச் சொல் வரும், தொண்டையும் குறைச்சலில்லை. ஆனால் நான் பாடி முடித்தால், "வீராயி கூடப் பொறக்காட்டியும் இவளும் சுமாரா சொல்றா" என்பார்கள். அந்தச் சுமார் இருக்கிறதே, அது முள்ளாக உள்ளேயே தங்கிவிடும். எடுத்துப் போட முடியாது.

என் ஆத்தா செத்தபோது உனக்கு ஐந்து வயது. பெற்ற மகள்தான் முதலில் பாட்டு எடுக்க வேண்டும் என்பது வழக்கம். எடுத்தேன். தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்திருந்தோம். நாலு அடி சொல்லியிருப்பேன். ஐந்தாவதில் மூச்சு வாங்க நிறுத்தினேன். அந்த இடைவெளியில் மதினி எடுத்துவிட்டாள். அப்படியே மொத்த வட்டமும் அவள் பக்கம் சாய்ந்தது. என் தோளில் கிடந்த கைகள் இழுபட்டு அந்தப் பக்கம் போனதை என் உடம்பு உணர்ந்தது. வாசலில் ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது: "மக எடுத்த பாட்ட மருமக தூக்கிட்டுப் போயிட்டா." என் ஆத்தாளின் பாடை தெரு முனை திரும்புகிறது. நான் ஆத்தாளை நினைக்கவில்லை. அய்யா சாவில் இப்படி விடக்கூடாது என்று நினைத்தேன். உயிரோடு, தலையில் துண்டோடு, பாடைக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தார் அவர்.

மூன்று வருஷம் கழித்து அவருக்குக் காய்ச்சல் கண்டது. விட்டு விட்டு வந்த காய்ச்சல், ஆளை நார் மாதிரி ஆக்கிவிட்டது. வைத்தியர் நாடி பிடித்துவிட்டு, பங்குனி தாண்டினால் பார்க்கலாம் என்றார். நான் உன்னை இடுப்பில் ஒருபக்கமும் துணிமூட்டையை ஒருபக்கமும் வைத்துக்கொண்டு நாலு மைல் நடந்து, பார்த்துக்கொள்ளப் போனேன். நீ எட்டு வயதுப் பிள்ளை, இடுப்பில் உட்காருகிற வயதா அது, ஆனாலும் கால் வலிக்கிறது என்று அழுதாய். ஊரெல்லாம், மகள் என்றால் இப்படி இருக்க வேண்டும், அப்பனுக்கு ஓடி வந்துவிட்டாள் என்று சொன்னது. நான் கஞ்சி காய்ச்சினேன், கஷாயம் போட்டேன், கால் பிடித்துவிட்டேன். கூடவே மனதுக்குள் பாட்டும் கட்ட ஆரம்பித்தேன்.

உயிரோடு இருக்கிற ஆளுக்கு ஒப்பாரி கட்டக்கூடாது. அது அந்த ஆளைக் கூப்பிட்டு வழியனுப்புவது மாதிரி. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மதினி அதே வீட்டில் வளைய வந்துகொண்டிருந்தாள். அவள் வாய் முணுமுணுத்தால், இவளும் கட்டுகிறாளோ என்று உற்றுக் கேட்பேன். கோழியை விரட்டியிருப்பாள். எனக்கு ஒரு அடி தோன்றினால் அது அய்யாவைப் பற்றி உண்மையா என்று பார்க்கமாட்டேன். மதினி இதைக் கேட்டால் வாயடைத்துப் போவாளா என்று பார்ப்பேன். இல்லையென்றால் அழித்துவிடுவேன். இப்படி அழித்து அழித்து, அவர் எனக்கு வாங்கித் தந்த முதல் சேலை, என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டதற்கு ஊர் சிரித்தபோது அவர் பதிலுக்குச் சிரித்த சிரிப்பு, எல்லாம் சாதாரணம் என்று தள்ளிவிட்டேன். கடைசியில் நின்றது கிணறு. கரிசலும் பாறையுமாய்க் கிடந்த மேட்டில் அவர் வெட்டின கிணறு. பதினோரு நாள் மண்டையை உடைத்து நாலு அடி கட்டினேன்:

கல்லுப் பொறுக்கிக் கரடொடச்சுக்
கெணறு தோண்டுன எங்கய்யா
ஊத்துக் கண்ணு தொறக்கவச்சு
ஒங்க கண்ணு மூடுனீகளே

நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? நீ எழுதுகிறவன், உனக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஒரு மத்தியானம் மாட்டுக்கொட்டத்தில் கூளம் போட்டுக்கொண்டே அதை மெதுவாகப் பாடிப் பார்த்தேன். ராகம் எங்கே ஏற வேண்டும், எங்கே குரல் உடைய வேண்டும் என்று பார்த்தேன். அழுகை எங்கே வர வேண்டும் என்றுகூட முடிவு செய்தேன், அப்பு. மூன்றாவது அடி சரியாக விழவில்லை, திரும்பத் திரும்பச் சொன்னேன். மாடுகள் மென்றுகொண்டே கேட்டன. அன்றைக்கு வெக்கை தாங்கவில்லை என்று அண்ணன் அய்யாவின் கட்டிலைத் தூக்கிவந்து கொட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்க நிழலில் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. மண் சுவர், ஆள் உயரம்கூட இல்லை.

கஞ்சி எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன், கட்டில் இல்லை. தேடிக்கொண்டு சுவரைச் சுற்றி வந்தேன். கண்ணைத் திறந்து படுத்திருந்தார். என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபமாக ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். காய்ச்சலில் வெடித்த உதட்டை நனைத்துக்கொண்டு சொன்னார்: "கெணத்த நான் மட்டும் வெட்டல தாயி. பாதி மண்ண ஒங்க ஆத்தாதான் சொமந்தா. நீ வயித்துல இருந்த. அதையும் சேத்துக்க."

கஞ்சியை வாங்கிக் குடித்தார். நான் ஏனத்தைக் கழுவப் போனேன். இப்போது சொல்லப்போவதுதான் நான் யாருக்கும் சொல்லாதது. ஏனத்தைக் கழுவிக்கொண்டே நான் அழவில்லை. பாதி மண்ணு ஆத்தா சொமக்க என்று மூன்றாவது அடியில் வைத்தால் சரியாக விழுகிறதே என்று பார்த்தேன். விழுந்தது. சரியாக விழுந்ததும் ஒரு சந்தோஷம் வந்தது பார், அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. மதினிக்கு இது தெரியாது, அவளால் இதைச் சொல்லவே முடியாது என்று நினைத்தேன். என்னைப் பெற்றவர் தன் சாவுக்கு எனக்கு ஒரு அடி எடுத்துக் கொடுக்கிறார், நான் அதை வைத்து அடுத்தவளை ஜெயிக்கக் கணக்குப் போடுகிறேன்.

அய்யா சாகவில்லை. பங்குனி தாண்டியது, சித்திரையில் எழுந்து உட்கார்ந்தார், ஆடியில் ஏர் பிடித்தார். பார்க்க வருகிறவர்களிடம், என்னைக் கண்ணால் காட்டி, "எம் மக எல்லாத்தையும் தயாரா வச்சுருக்கா. நாந்தேன் இழுத்தடிக்கிறேன்" என்று சிரிப்பார். வந்தவர்கள் கஷாயத்தைச் சொல்கிறார் என்று நினைத்து அவர்களும் சிரிப்பார்கள். அவர் கேலிக்காரர், என்னைக் குத்துவதற்குச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்பதை அவருக்கு அப்படித்தான் சொல்லத் தெரிந்தது. இது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நாலு மைல் தூரம்தான், நினைத்தால் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். ஆறு மாதம் போகவில்லை. களையெடுப்பு என்றேன், பருத்தி என்றேன், மாடு சினை என்றேன். "அய்யா ஒன்னயக் கேட்டுக்கிட்டே இருக்காரு, ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்று அண்ணன் இரண்டு தடவை ஆள் விட்டான். பொங்கல் கழியட்டும், வாரேன் என்று சொல்லி அனுப்பினேன். பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் எழவு சொல்லி ஆள் வந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்துவிட்டார்கள்.

மகள் வந்துவிட்டாள் என்று வட்டம் விலகி எனக்கு இடம் விட்டது. உட்கார்ந்தேன். மதினிகூட நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நாலு அடியும் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தேன். இதை இவர் கேட்டாயிற்றே என்ற நினைப்பு வந்தது. திருத்தியும் கொடுத்துவிட்டார். வேறு ஏதாவது சொல்லலாம் என்றால் வேறு எதுவும் இல்லை. சேலையையும் பள்ளிக்கூடத்தையும் சிரிப்பையும் நான்தான் சாதாரணம் என்று எறிந்துவிட்டேனே. திறந்த வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். அழுகையும் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மதினி எடுத்தாள். பெற்ற மகள் ஒரு சொல் சொல்லாமல், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் அப்பனை அனுப்பினாள் என்று ஊர் பேசியது. கல் நெஞ்சுக்காரி என்று இன்றைக்கும் அந்த ஊரில் எனக்குப் பெயர். நீ சின்ன வயதில், "ஒங்க ஆத்தா அழ மாட்டாளாமே" என்று யாரோ கேட்டதாக வந்து சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? உன்னை அடித்தேன். அதற்கும் சேர்த்து இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கருமாதி முடிந்து, மதினியும் நானும் அண்டாக்களைத் துலக்கிக்கொண்டிருந்தோம். எனக்கு வெட்கம், மானம் எல்லாம் போயிருந்தது. கேட்டுவிட்டேன். "மதினி, ஒனக்கு மட்டும் எப்படி இப்புடி வருது?" அவள் சாம்பலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு என்னத்தா வருது? எம் மகன் சின்னக்காள அம்மையில போனப்ப, மாரியாத்தா எடுத்துக்கிட்ட புள்ளைக்கு அழப்படாதுன்னு வாயப் பொத்திட்டாக. ராவோட ராவா கொண்டுபோயிப் பொதச்சுட்டாக. ஒரு சொல்லு சொல்ல விடல. அதுக்கப்பறம் யாரு செத்தாலும் போயி உக்காந்து எம் புள்ளய அழுவேன். பேர மட்டும் மாத்திக்கிருவேன். எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்றாக. ஏன்னு எனக்குத் தெரியாது."

சின்னக்காளைக்கு மூன்று வயது. அவனை நான் தூக்கியிருக்கிறேன், அப்பு. அவன் போனபோது நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். அழாதே அழாதே என்று மதினியின் வாயைப் பொத்தின கைகளில் ஒன்று என்னுடையது. அத்தனை வருஷம் அவள் குரலைக் கேட்டுக் கேட்டு வயிறெரிந்தவள், அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று தெரிந்தபோது, அந்த அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதேன். அய்யாவுக்கு அழுத முதல் அழுகை அதுதான், கேட்பதற்கு மதினியைத் தவிர ஆள் இல்லை. மதினி முதுகைத் தடவிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

இந்த வியாதியை உனக்குக் கொடுத்தவளும் நான்தான். நீ முதல் வகுப்பில் ஒரு காளைப் படம் போட்டுக் கொண்டுவந்தாய். பிள்ளை முகமெல்லாம் சிரிப்பு. நான் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால், "பக்கத்து வீட்டுப் பாண்டி எப்படிப் போட்டிருக்கான்?" என்று கேட்டேன். நீ போய் அவன் படத்தை வாங்கிவந்து காட்டினாய். "அவன் மாதிரி கொம்பு வையி" என்றேன். நீ அழித்து அழித்துக் கொம்பு வரைந்து, காகிதம் ஓட்டையாகி, காளைக்குத் தலையே இல்லாமல் போயிற்று. அந்தத் தாளைத்தான் இன்னும் நீ அழித்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. விதைத்தவள் நான். முளைத்ததைப் பார்த்து ஆச்சரியப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சுந்தரம் போன தையில் நம் வீட்டுக்கு வந்திருந்தான். சாப்பிடும்போது உன் அய்யா அவன் இலையில் வெல்லக்கட்டி ஒன்றை எடுத்து வைத்தார். அந்தப் பிள்ளை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், வாயில் வைக்கவில்லை. நீ சோற்றைப் பிசைந்துகொண்டு பத்திரிகைக்காரன் என்ன எழுதினான் என்று அவனைக் கேட்டுக்கொண்டிருந்தாய். இரண்டு வருஷமாக ஒரே அறையில் இருக்கிறாய், அவனுக்கு அப்பன் இருக்கிறாரா என்று உனக்குத் தெரியுமா? அவன் கதையில் எத்தனை வரி, எத்தனை பக்கம் என்று உன் நோட்டில் குறித்து வைத்திருக்கிறாய். இது அதில் இல்லை. தெரிந்துகொண்டால் உன் பொறாமை போய்விடும் என்று நான் சொல்லவில்லை. எனக்குப் போகவில்லை. மதினி இன்றைக்கு யார் வீட்டிலாவது வாயெடுத்தால் இந்த வயதிலும் என் காது அங்கேயே போய் நிற்கும். பொறாமை நாய் மாதிரி, வாசலில் கிடக்கும், குரைக்கும். குரைக்கிறதே என்று நாம் வீட்டை விட்டுப் போக முடியாது. ஆனால் அதற்குப் பயந்து பெற்றவர்களை எடுத்து அதற்குப் போடக்கூடாது. நான் போட்டேன்.

எழுதாதே என்று உனக்குச் சொல்லமாட்டேன். எழுதுவதை விட்டுவிட்டேன் என்று நீ சொல்வதையும் நான் நம்பவில்லை. நானும் கருமாதி அன்றைக்கு இனி எந்த எழவிலும் வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்தவள்தான். இரண்டு வருஷம் கழித்து நம் தெருவில் ஒரு கிழவி செத்தாள், சொந்தம்கூட இல்லை. என்னை அறியாமல் எடுத்துவிட்டேன். கிணறு வெட்டின ஒரு மனுஷனுக்கு மண் சுமந்த பெண்டாட்டியைப் பற்றி அவள் மகள் பாடுவது மாதிரி வந்தது. யாரும் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, சுமார் என்றும் சொல்லவில்லை. யார் யாருடைய கை என் தோளில் இருந்தது என்று நான் பார்க்கவும் இல்லை. அந்த ஒரு தடவைதான் என் வாழ்நாளில் நான் ஒழுங்காகப் பாடினது. அதையும் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

மாசிக்குப் பிறகு நீ வரவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு லீவு இல்லை என்றாய். ஆடிக்கு ரயிலில் கூட்டம் என்றாய். ஐந்து மாதமாகிறது. மதுரை என்ன கடல் தாண்டியா இருக்கிறது? நோட்டை இங்கே விட்டுவிட்டோம், ஆத்தாளுக்கு எழுத்துத் தெரியும் என்பது எப்போது உன் நினைவுக்கு வந்ததோ, அன்றைக்கே உன் கால் கட்டிக்கொண்டது. எனக்குத் தெரியாதா? களையெடுப்பு, பருத்தி, மாடு சினை. எல்லாச் சாக்கையும் உனக்கு முன்னால் நான் சொல்லி முடித்துவிட்டேன். புதிதாக ஒன்று வேண்டுமானால் நீ ரொம்பக் கஷ்டப்பட வேண்டும்.

இருமல் முன்னைவிட அதிகம். இப்போது விலாவில் பிடிப்பதில்லை, நேராக முதுகுக்கே போய்விடுகிறது. நீ எழுதினதில் அந்த இடம் பழசாகிவிட்டது. வைத்தியர் நாடி பார்த்துவிட்டு உன் அய்யாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவர் திரும்பி வந்து, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டத்துக்குப் போய்விட்டார். நோட்டைத் தபாலில் அனுப்பமாட்டேன். குலுக்கைமேல் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது, தாள் மட்டும் கொஞ்சம் குறையும். வந்து எடுத்துக்கொள். நான் அதைப் பற்றிப் பேசமாட்டேன், கேலியும் பண்ணமாட்டேன், என் அய்யா அளவுக்கு எனக்குப் பெரிய மனசு இல்லை. முகத்தைப் பார்க்க முடியாவிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார். உட்கார்ந்தால் போதும்.

ஒரு திருத்தம் மட்டும் இருக்கிறது. ஏழாவதில், கடைசியில் அவள் கண்ணைத் திறந்து மகன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். நோட்டு முழுக்க நீ கோடு போட்டு அடிக்காத இடம் அது ஒன்றுதான். அது தப்பு, அப்பு. நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் நான் கூப்பிடப் போவது உன்னை இல்லை. எங்கள் அய்யாவை. அதையும் சேர்த்துக்கொள்.